மாப்பிள்ளையின் விரலைக் கடித்தது யார்?

இரண்டு வருடங்களுக்கு முன்பு, வட்டவளைப் பக்கம் ஆனி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த நாட்களில் நடந்தது இது. றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி, ரயில் பாதையை ஒட்டியே கால் மணி நேரம் நடந்தால் எங்கள் தோட்டம். பன்னிரண்டு வீடுகளை ஒரே தகரக் கூரையின் கீழ் ஒட்டவைத்த லயம். அதில் ஐந்தாவது வீடு எங்களுடையது. அப்போது வீட்டில் நாங்கள் நான்கு பேர். தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிற அம்மா, நான், அண்ணி, அண்ணிக்குப் பிறந்து மூன்று மாதமான பாப்பா. அண்ணன் கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை பார்க்கிறார். மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். இப்படி இருந்த வீட்டுக்கு ஒரு மாத விருந்தாளியாக ஒரு பல்லி வந்தது.

நம் சுவரில் ஓடுகிற பல்லி இல்லை. ஒரு சாண் நீளம், மஞ்சள் உடம்பு முழுக்கக் கறுப்புப் புள்ளி, நம்மைப் போலவே கண்ணைச் சிமிட்டும். வால் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் கொழுகொழுவென்று இருக்கும். ஒட்டகத்துக்குத் திமில் மாதிரி, அது சேமித்து வைக்கிற கொழுப்பெல்லாம் வாலில்தான். என்னோடு ஏ.எல். படித்த தோழி ஒருத்தியின் செல்லப் பிராணி. ஹட்டன் டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பம் அவளுடையது. சொந்தக்காரப் பையன் ஒருவன் வெளிநாடு போகும்போது விட்டுச் சென்றதை அவள் எடுத்து வளர்த்தாள். அதற்கு அவள் வைத்த பெயர் மாப்பிள்ளை. “ஒரு வேலையும் செய்யாது, நேரத்துக்குச் சாப்பாடு மட்டும் வரணும்” என்பது அவள் சொன்ன காரணம்.

அவளுடைய உம்மாவுக்குக் கொழும்பில் ஆபரேஷன். ஒரு மாதம் அங்கேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளையை யாரிடம் விடுவது என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் நான் சரி என்று சொல்லிவிட்டேன். என் சுபாவம் அப்படி. பல்கலைக்கழகம் போகாமல் வெளிவாரியாக உயிரியல் படித்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் டியூஷன் எடுத்துக்கொண்டு, கையில் கிடைக்கிற புழு பூச்சியையெல்லாம் போத்தலில் போட்டு வளர்த்துக்கொண்டிருந்த எனக்கு, ஒரு உண்மையான ஊர்வன வீட்டுக்கு வருகிறது என்றால் கால் தரையில் நிற்குமா?

கண்ணாடித் தொட்டி ஒன்று, வலைபோட்ட மூடி, சூட்டுக்காக ஒரு பல்பு. தொட்டிக்குள் பார்த்தால் பழைய பேப்பர் விரிப்பு, வாசல் வெட்டிய இரண்டு ஐஸ்கிரீம் டப்பா, தண்ணீர்த் தட்டு. அவ்வளவுதான். அதன் சாப்பாடு தனியாக ஒரு பிளாஸ்டிக் வாளியில் வந்தது: முட்டை அட்டைகளுக்கு நடுவில் துள்ளிக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான பழுப்பு நிறச் சில்வண்டுக் குஞ்சுகள். கண்டியில் ஒருவர் வளர்த்து விற்கிறாராம்.

“ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆறு பூச்சி. லைட்டு எப்பவும் எரியணும், நம்ம குளிருக்கு அதுக்கு சீரணமே ஆகாது” என்றாள் தோழி. “பொட்டிய இப்படியே வச்சிக்க. உள்ள ஒண்ணும் வைக்காதடி.”

“சரிடி, சரி.”

“ஒன்ன விட்டா வேற யாருகிட்டயும் விடமாட்டேன். தெரியுந்தானே?”

அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான் என் காதில் நின்றது.

அண்ணிக்கு அது வந்த முதல் நாளே பிடிக்கவில்லை. ஒளித்துப் பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை. என்னைவிட இரண்டே வயது மூத்தவர். ராகலைப் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர். “எனக்கு இத சுத்தமா புடிக்கல. பச்சப் புள்ள இருக்கிற வீடு. ஒரு மாசம்னு சொல்ற, சரி, இருந்துட்டுப் போகட்டும். என்னைய மட்டும் தொடச் சொல்லாத, பாத்தாலே ஒடம்பு கூசுது” என்றார். பல்லியைவிட அவருக்குப் பல்புதான் பெரிய பயம். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர்கள் தோட்டத்தில் ஒரு வீட்டில் வயர் பற்றியதில், நெருப்பு கூரை வழியாக ஓடி, லயம் முழுவதும் ஒரே பகலில் போய்விட்டதாம். ஒரு வீட்டில் பற்றினால் பன்னிரண்டு வீடும் போகும் என்பது லயத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நான் மாப்பிள்ளையின் பக்கம்.

ஊருக்கெல்லாம் செய்தி பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. ஆறாவது வீட்டில் ஓர் அக்கா, கோழி வளர்ப்பவர், வாய்த்துடுக்குக்குப் பேர்போனவர். இடையில் இருக்கிற சுவர் கூரைவரை எழும்பாததால் அந்த வீட்டில் பேசுவது எங்களுக்கும், எங்கள் வீட்டில் பேசுவது அவர்களுக்கும் கேட்கும். “என்னா, ஒங்க வீட்டு மாப்புள்ள இன்னும் எந்திரிக்கலயா?” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார். “பகல் பூரா தூங்குறதுன்னா எங்க வீட்டு ஆளு மாதிரிதான் போல.”

தொட்டி அப்படி வெறுமையாக இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. பாலைவனப் பாறையில் வாழ வேண்டிய உயிரை ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் வைத்திருக்கிறாளே என்று பரிதாபமாக இருந்தது. போனில் இரண்டு நாள் வீடியோ பார்த்தேன். டிவி வாங்கியபோது பெட்டிக்குள் வந்த வெள்ளை ரெஜிபோம் துண்டுகள் கூரைக்கடியில் அட்டாலில் கிடந்தன. அவற்றை ஒட்டி, கத்தியால் குடைந்து, படிக்கட்டு, பொந்து, மேடு என்று ஒரு பாறைச் சுவரே செய்தேன். மேலே சீமெந்துப் பால் பூசி, சாயம் அடித்துக் காயவைத்துத் தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் ஒட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், அழகாக இருந்தது. தோழி வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று அவளுக்குச் சொல்லவில்லை. தினமும் அனுப்பச் சொன்ன போட்டோவில் மாப்பிள்ளையின் முகம் மட்டும் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பினேன்.

கணக்கு எழுத ஒரு கொப்பியும் போட்டேன். சாயங்காலம் ஆறு பூச்சியைப் போடுவேன். காலையில் எழுந்து பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. ‘கொடுத்தது 6, சாப்பிட்டது 6’ என்று எழுதுவேன். ஆறும் காலியானால் பசி அடங்கவில்லை என்றுதானே அர்த்தம்? பத்தாக்கினேன். பத்தும் காலி. தினமும் போட ஆரம்பித்தேன். தினமும் காலி. “நல்லா சாப்பிடுது. எங்க வீட்டுத் தண்ணி ஒத்துக்கிச்சு” என்று தோழிக்கு மெசேஜ் அனுப்பினேன்.

மூன்றாவது வாரத்தில்தான் என் தலை சுற்ற ஆரம்பித்தது.

முதலில் தோழிதான் கேட்டாள். “வால் கொஞ்சம் மெலிஞ்ச மாதிரி இருக்கே?” நான் போட்டோ எடுத்த கோணம் அப்படி என்று பதில் அனுப்பிவிட்டுத் தொட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். கோணம் இல்லை. வால் நிஜமாகவே மெலிந்திருந்தது. முன்பு கட்டைவிரல் மொத்தத்தில் இருந்தது இப்போது சுண்டுவிரல் அளவு. கொப்பியைப் புரட்டினேன். ஒரு நாள்கூடக் குறையில்லை. தின்கிறது, ஆனால் மெலிகிறது. இரண்டு மடங்கு தின்கிறது, இரண்டு மடங்கு மெலிகிறது. வயிற்றில் புழுவாக இருக்குமோ என்று நினைத்துப் பூச்சியின் எண்ணிக்கையைப் பதினைந்தாக்கினேன். அப்போது அதுதான் புத்திசாலித்தனமாகத் தோன்றியது.

இரண்டு நாள் கழித்து ஒரு காலையில், மாப்பிள்ளையின் பின்னங்கால் விரல் ஒன்றில் இரத்தம். பேப்பரில் சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டு. வால் நுனியிலும் யாரோ சுரண்டிய மாதிரி ஒரு புண்.

 எலி என்று முதலில் நினைத்தேன். ஆனால் வலையில் ஓட்டை இல்லை, மூடி மூடியபடியே இருந்தது. மிருக வைத்திய அலுவலகத்துக்குப் போன் போட்டேன். “மாடா, ஆடா?” என்று கேட்டார் எடுத்தவர். பல்லி என்றேன்.  அவர் பின்னால் இருந்த யாரிடமோ எதையோ சிங்களத்தில் சொல்லிச் சிரித்துவிட்டு, டாக்டரிடம் கொடுத்தார். டாக்டர் சிரிக்கவில்லை. காயத்தைத் துடைத்து மருந்து போடும் முறையைச் சொல்லிவிட்டு, “தொட்டிக்குள் வேறு ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டார். அது மட்டும்தான் இருக்கிறது என்று உறுதியாகச் சொன்னேன்.

போனை வைத்ததும், வேறு யாருடைய பெயரும் வராமல், அண்ணியின் பெயர்தான் என் மனதில் வந்தது.

இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு எனக்கு அது அத்தனை தெளிவாகத் தெரிந்தது. பகலில் வீட்டில் இருப்பவர் அவர் மட்டும். பிடிக்கவில்லை என்று சொன்னவரும் அவர்தான். பல்பை அணைக்க வேண்டும் என்று துடித்தவரும் அவர்தான்.

“அண்ணி, நான் இல்லாதப்போ இந்த மூடியத் தொறந்தீங்களா?”

பாப்பாவுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “நான் ஏன் அதத் தொறக்கப் போறேன்?”

“லைட்ட அணைச்சீங்களா?”

“ஒரே ஒரு நாள். கிளினிக்குக்குப் புள்ளைய நிறுக்கக் கொண்டு போனேன்ல, அன்னைக்கி. வீட்டப் பூட்டிட்டுப் போறப்போ எரியிற லைட்ட விட்டுட்டுப் போக மனசு வரல. வந்த ஒடனே போட்டுட்டேன்.”

“மூடிய எடுத்துட்டுத் திரும்ப வைக்கிறப்போ கால்ல பட்டிருக்கும். வேணும்னு செஞ்சீங்கன்னு சொல்லல.”

“நீ சொல்லலயா?” என்று கேட்டார் அண்ணி. அவ்வளவுதான். சுவருக்கு அந்தப் பக்கத்தில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. ஆறாவது வீட்டு அக்கா கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் டியூஷன் முடிந்து வரும்போது ஹட்டனில் ஒரு சின்னப் பூட்டு வாங்கி வந்து, தொட்டி மூடியின் கம்பியில் மாட்டினேன். சாவியைச் சங்கிலியோடு கழுத்தில் போட்டுக்கொண்டேன். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெரட்டுக் களத்திலிருந்து வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, “வீட்டுக்குள்ள பூட்டு போட்ட மொத ஆளு நீதான்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனார்.

அன்றிலிருந்து அண்ணி என்னோடு நேரே பேசவில்லை. எல்லாச் செய்தியும் பாப்பா வழியாகத்தான் வந்தது. “பாப்பா, ஒங்க அத்தகிட்டச் சொல்லு, தண்ணி கொதிச்சிருச்சு, குளிக்கிறதுன்னா குளிக்கலாம்.” “பாப்பா, ஒங்க அத்த உடுப்பு மழையில நனையுதாம், எடுக்கணுமா வேணாமான்னு கேளு.” மூன்று மாதக் குழந்தை என்னைப் பார்த்து வாயில் குமிழி விடும். நானும் வீம்பாக, “பாப்பா, எடுக்கச் சொல்லு” என்பேன். ஆறாவது வீட்டு அக்கா சுவருக்கு அப்பாலிருந்து, “அந்தப் புள்ளைக்குச் சம்பளம் குடுங்க ரெண்டு பேரும்” என்பார்.

பூட்டுப் போட்ட மறுநாள் காலை, இரண்டாவது விரலில் காயம்.

பூட்டு பூட்டியபடி இருந்தது. சாவி என் கழுத்தில் இருந்தது. தூங்கும்போதுகூடக் கழற்றவில்லை. நான் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். யாரும் உள்ளே போக முடியாது, ஆனால் யாரோ போயிருக்கிறார்கள். தன் விரலைத் தானே தின்கிறதோ என்று யோசித்தேன். உரித்த தோலை அது தின்னும் என்று படித்திருக்கிறேன், ஒருவேளை பசியில்... ஆனால் பசி எப்படி வரும், பதினைந்து பூச்சி சாப்பிட்டிருக்கிறதே? கொப்பியில் அப்படித்தான் இருக்கிறது. மாப்பிள்ளை டப்பாவுக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. தொட்டால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அது செத்துவிடும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிற உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியிடம் அதை எப்படிச் சொல்வது? அன்றைய போட்டோவாக முந்தைய வாரப் படம் ஒன்றை அனுப்பினேன். அவள் இதயம் போட்டாள்.

அதற்கும் மறுநாள் மத்தியானம். மூடுபனி கீழிறங்கி, ஒரு மணிக்கே விளக்குப் போட வேண்டிய இருட்டு. காற்றில் எங்கோ மரம் விழுந்து கரண்டு போய்விட்டது. பல்பு அணைந்ததும் நான் ஓடிப்போய்ப் போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றித் துணியில் சுற்றித் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். அண்ணி அதே அறையில், தொட்டிலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால் மணி நேரம் போயிருக்கும்.

“பாப்பா” என்றார் அண்ணி மெதுவாக. “ஒங்க அத்தகிட்டக் கேளு, சத்தம் நின்னிருச்சே, ஏன்னு.”

“என்ன சத்தம்?” என்றேன் நான், பாப்பாவை மறந்து.

“ரெண்டு மூணு நாளா இந்த மூலையில சில்வண்டு கத்துதுல்ல. வெளிய தண்ணி ஓடுற கான்ல கத்துதுன்னு நெனச்சேன். கரண்டு போயி கொஞ்ச நேரத்துல நிக்குது. கரண்டு வந்து கொஞ்ச நேரத்துல திரும்பத் தொடங்குது. முந்தாநாளு காத்தடிச்சிக் கரண்டு போனப்பவும் அப்படித்தான். புள்ள தூங்க மாட்டேங்குதுன்னு கவனிச்சுக்கிட்டே இருந்தேன்.” பிறகுதான் என்னோடு நேரே பேசிக்கொண்டிருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது போல. “பாப்பா, கான்ல இருக்கிற பூச்சிக்கு நம்ம வீட்டுக் கரண்டு எதுக்குன்னு கேளு.”

மழைக்காலத்தில் எங்கள் லயத்தைச் சுற்றி எப்போதும் ஏதாவது ஒன்று கத்திக்கொண்டுதான் இருக்கும். நான் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன், கேட்காமலும் இருந்திருக்கிறேன். இப்போது தொட்டியின் முன்னால் முழங்காலிட்டு, போன் வெளிச்சத்தை என் பாறைச் சுவரின் பக்கவாட்டில் அடித்தேன். கண்ணாடிக்கும் ரெஜிபோமுக்கும் நடுவில், நான் சீமெந்து பூசாத பின்பக்கத்தில், பென்சில் நுழைகிற அளவில் பொந்துகள். ஒன்று, இரண்டு இல்லை. பணியாரச் சட்டி மாதிரி முழுவதும் குடைந்து வைத்திருந்தன. ஒரு பொந்திலிருந்து இரண்டு மீசைகள் வெளியே நீட்டி அசைந்தன.

எனக்கு அப்போதும் முழுதாகப் புரியவில்லை. புரியும்வரை பொறுக்கவும் முடியவில்லை. பூட்டைத் திறந்து, மாப்பிள்ளையை டப்பாவோடு தூக்கிக் கீழே வைத்துவிட்டு, கத்தியைப் பாறைக்குப் பின்னால் விட்டு நெம்பினேன்.

“வெளிய கொண்டு போயி ஒடை” என்றார் அண்ணி. பாப்பா வழியாக இல்லை, என்னிடமே.

அதற்குள் பாறை இரண்டாக உடைந்துவிட்டது.

உள்ளே இருந்தவை எத்தனை என்று நான் எண்ணவில்லை. நான் குஞ்சுகளாகப் போட்டவை இப்போது இறக்கை முளைத்து, வயிறு பெருத்து, என் சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிதாகி இருந்தன. கரண்டு போன குளிரில் கொஞ்சம் மந்தமாக இருந்தாலும், கூடு உடைந்ததும் தொட்டி விளிம்பைத் தாண்டி, மேசை, தரை, என் கை, அடுப்படி வாசல் என்று நாலாபக்கமும் துள்ளின. நான் துடைப்பத்தை எடுத்து ஒன்றை அடித்தால் ஐந்து தப்பியது. சுவரில் ஏறியவை அடுத்த வீட்டுக்குள் குதித்தன.

“யாரு வீட்டுப் பூச்சி இது?” என்று அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது. “எங்க சோத்துச் சட்டிக்குள்ள விழுது.”

“அக்கா, பேசாம ஒங்க கோழியத் தொறந்து விடுங்க இங்கிட்டு” என்றார் அண்ணி.

நான் அண்ணியைப் பார்த்தேன். ஒரு கையில் பாப்பா. இன்னொரு கையில், நெஞ்சோடு அணைத்தபடி, மாப்பிள்ளை இருந்த ஐஸ்கிரீம் டப்பா. பூச்சிகள் அதை நோக்கியும் துள்ளியதால் கீழே விடாமல் எடுத்து வைத்திருக்கிறார். காலால் உடைந்த பாறைத் துண்டை உதைத்து உதைத்து வாசல் இஸ்தோப்புக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.

எட்டுக் கோழிகள் எங்கள் முன்னறைக்குள் வந்தன. அன்றைக்கு அவற்றுக்குத் தீபாவளி. ஆறாவது வீட்டு அக்கா இடுப்பில் கைவைத்து வாசலில் நின்று, “மாப்புள்ளைக்கு வச்ச விருந்து எங்க வீட்டுக் கோழிக்குத்தான்னு எழுதியிருக்கு” என்றார். பத்து நிமிடத்தில் துள்ளுவது எதுவும் மிச்சமில்லை. கோழி எச்சத்தைக் கழுவத்தான் ஒரு மணி நேரம் ஆனது.

எல்லாம் அடங்கிய பிறகு அண்ணி டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். “ஐயோ, ரெண்டு வெரல் பாதி இல்லையே இதுக்கு” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “அப்போ இதுங்கதான் அத தின்னுச்சா? அது இதுங்கள தின்னல?”

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. போட்ட பூச்சிகள் ஓடிப்போய் நான் அன்போடு கட்டிக் கொடுத்த பாறைக்குள் ஒளிந்துகொண்டன. மாப்பிள்ளை பட்டினி. பட்டினி கிடந்து சோர்ந்து படுத்திருந்ததை, உள்ளேயே வளர்ந்து பெருத்த பூச்சிகள் வந்து கடித்தன. காலி என்று நினைத்து நான் மேலும் மேலும் போட்டேன். சாப்பிட்டது என்று கொப்பியில் எழுதினேனே, அது சாப்பிட்டதை ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை. அந்த டாக்டர் கேட்டாரே, உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா என்று. பூட்டுப் போட்டு, அதைக் கடிப்பவர்களோடு சேர்த்து அடைத்து, சாவியையும் கழுத்தில் போட்டுக்கொண்டவள் நான்.

“அண்ணி,” என்றேன். சாவியைச் சங்கிலியோடு கழற்றி மேசையில் வைத்தேன்.

அவர் பாப்பாவைத் தொட்டிலில் போட்டுவிட்டு, கோழி மிதித்த விரிப்பைச் சுருட்டினார். “நீ திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. சண்ட போட்டிருக்கலாம். பூட்டுப் போட்ட பாரு” என்றார். “எனக்குப் புடிக்கலன்னு மொத நாளே மொகத்துக்கு நேரா சொன்னேன்ல. அப்படிச் சொன்னவ பின்னால போயி செய்வாளா? புடிக்கும் புடிக்கும்னு சொல்லிக்கிட்டு இருந்தா நீ என்னையச் சந்தேகப்பட்டிருக்க மாட்ட.”

 விரிப்பின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் சேர்ந்து மழையில் போய் உதறினோம்.

தொட்டிக்குள் பழையபடி பேப்பரும் டப்பாவும் மட்டும் வைத்தேன். அன்று சாயங்காலம் கரண்டு வந்ததும், ஒரே ஒரு சில்வண்டைப் புருவம் எடுக்கிற இடுக்கியில் பிடித்து மாப்பிள்ளையின் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கை மரத்துப்போனது. அது என்னை நம்பவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, டக்கென்று கவ்வியது. மென்றது. நாக்கால் மூக்கைத் துடைத்துக்கொண்டது. மூன்று வாரத்தில் அது சாப்பிட்டதை நான் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பின்னால் அண்ணி நின்று பார்த்துக்கொண்டிருந்தது தெரியாது. “திங்கிறப்போ பாத்தா அவ்வளவு அசிங்கமா இல்ல” என்றார். “தூரத்துல இருந்தா.”

அன்று இரவே தோழிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பாறை, பழைய போட்டோ, விரல், எல்லாம். அவள், “உயிருக்கு ஒண்ணுமில்லையே” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். பத்து நாள் கழித்து வந்தபோது மாப்பிள்ளையைக் கையில் எடுத்து, பின்னங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புண் ஆறியிருந்தது, இரண்டு விரல் பாதியோடு நின்றுவிட்டன. வால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிக்கொண்டிருந்தது.

“நானும் மொதல்ல கல்லு, கட்டை எல்லாம் வச்சிருந்தேன்டி” என்றாள். “வால் நுனியில கடி வாங்கிச்சு. அதுக்குப் பொறகுதான் வெறும் பேப்பர்.”

“இத நீ எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?” என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

“உள்ள ஒண்ணும் வைக்காதன்னு சொன்னேனே. ஏன்னு நீ கேக்கல. சரிடி சரின்னு சொன்ன.”

அவள் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகும்போது, அண்ணி உள்ளேயிருந்து ஒரு பழைய கம்பளித் துண்டைக் கொண்டுவந்து கண்ணாடியைச் சுற்றிப் போர்த்திவிட்டார். “டவுன் வரைக்கும் குளிரும்” என்றார். பிடிக்காது என்பதில் அவர் அன்றைக்கும் மாறவில்லை. அவள் வந்த வேன் கிளம்பியதும் கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினார்.

மாப்பிள்ளை இப்போதும் ஹட்டனில் நன்றாக இருக்கிறது. போனால் பார்ப்பேன், என்னை அதற்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியாது. அண்ணியும் நானும் முன்பைவிட அதிகமாகச் சண்டை போடுகிறோம், முகத்துக்கு நேராக. பூச்சி விஷயம் எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. விளங்காமல் இருப்பது இன்னொன்று. பிடிக்கவில்லை என்று மறைக்காமல் சொன்ன ஒரே ஆளை, சொன்னார் என்பதற்காகவே, நான் எப்படி அத்தனை சுலபமாகக் குற்றவாளியாக்கினேன்? இரண்டு வருடமாக யோசித்தும் பிடிபடவில்லை, அதனால்தான் எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது போலத் தோன்றுகிற நேரங்களில் எனக்கு இப்போது என்மேலேயே கொஞ்சம் பயம் வருகிறது.